கோக்கி வீடு திரும்பினானா

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன பெண்ணுக்கு வீட்டுச் சேதி மட்டும்தான் தேவை என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். யாருக்குக் கல்யாணம் பேசியிருக்கிறது, கோயில் திருவிழா எந்தக் கிழமை தொடங்குகிறது, பசு கன்று போட்டதா, அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது என்பதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் அவளுடைய மனம் தடுமாறாது. ஒப்பந்தம் முடிந்ததும் நேரே வீடு வந்து சேர்வாள். கதை என்பது வேலையில்லாதவர்களுக்கு உரிய பொருள். அதைக் கேசட்டில் பதிந்து கடல் கடந்து அனுப்புவது நாடாவுக்கும் கேடு, கேட்பவளுக்கும் கேடு.

நான் அப்படி நம்பவில்லை. ஆனாலும் அவர்கள் எல்லோரையும்விடப் பெரிய பிழையைச் செய்தவள் நான்தான்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாவுக்கு மேலே, பஸ் திரும்பும் இடத்திலிருந்து அரை மணி நேரம் ஏறிப்போக வேண்டிய தூரத்தில் இருந்தது. அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். ஐந்தாம் வகுப்போடு பாடசாலையை விட்டவள். பதினெட்டு வயதில் பேர் பதிந்து கொழுந்து பறிக்கப் போனாள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பழைய புத்தகங்கள் விற்ற கடையொன்று இருந்தது. டவுனுக்குப் போகும்போதெல்லாம் அவள் அங்கிருந்து படக்கதைப் புத்தகங்கள் வாங்கி வருவாள். முகமூடிக்காரனும் குதிரையும் துப்பாக்கியும் இருந்தால் போதும், எழுத்து பாதி புரியாவிட்டாலும் படம் அவளை இழுத்துக்கொண்டு போய்விடும். நான் பெரிய வகுப்புக்கு வந்த பிறகு, படமே இல்லாத தடித்த கதைகளையும் வாங்கிவரத் தொடங்கினாள். அவற்றை வாசிக்க வேண்டியது என் பொறுப்பு.

மாலையில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு அவள் வருவாள். கால் கழுவிவிட்டு அடுப்பு மூட்டி, ரொட்டிக்கு மாவு பிசைவாள். நான் அரிசிப் பெட்டியின் மேல் உட்கார்ந்து வாசிப்பேன். ஓர் அத்தியாயத்தின் கடைசி வரியில் பூட்டியிருந்த இரும்புக் கதவு தானாகத் திறந்துகொள்ளும். புத்தகத்தை மூடிவிடுவேன். கதவுக்குப் பின்னால் யார் என்று தெரியாமலே அக்கா மறுநாள் முழுவதும் மலையில் நிற்பாள். பக்கத்து நிரையில் பறிப்பவர்களிடம் அதைச் சொல்லியும் விடுவாள். மாலையில் லயத்தின் வரிசை வீடுகளிலிருந்து இரண்டு மூன்று பெண்கள் வந்து எங்கள் வாசலில் நின்று, “என்னா புள்ள, கதவ தொறந்துக்கிட்டு யாருதான் வந்தா?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

அந்தக் கதைகளை இன்று நான் இரண்டாம் முறை வாசிக்கமாட்டேன். ஆனால் அவை எங்களுக்கு என்ன செய்தன என்று இப்போது ஓரளவு விளங்குகிறது. தோட்டத்தில் நாளை என்பது இன்றைப் போலவே இருக்கும். விடிகாலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் அதே பெரட்டு, அதே சரிவு, போன வாரம் பறித்த அதே செடியில் மறுபடியும் துளிர். எங்கள் நாட்களில் ‘அடுத்து என்ன’ என்று கேட்பதற்கு இடமில்லை. அந்தக் கேள்வியை அக்காவின் கையில் கொடுத்தது அட்டை கிழிந்த ஒரு பழைய புத்தகம்.

அந்த ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். அட்டை இல்லாததால் அதன் பெயர் எங்களுக்குக் கடைசிவரை தெரியாது. ஐந்து பேர் ஒரு விண்கப்பலில் ஏறித் தொலைவிலுள்ள கிரகமொன்றுக்குப் போகிறார்கள். தலைவன், இரண்டு விஞ்ஞானிகள், ஒரு வைத்தியர், ஐந்தாவதாக ஒரு சமையல்காரன். எழுதியவர் அவனைச் சிரிப்புக்காகத்தான் சேர்த்திருந்தார். ஆபத்து வரும்போதெல்லாம் அவன் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொள்வான். எங்கள் பக்கத்தில் பங்களாச் சமையல்காரரைக் கோக்கி என்பார்கள். அக்கா அவனுக்கும் அந்தப் பெயரையே வைத்தாள்.

“ஏ புள்ள, அங்க காத்தே இல்லேங்குற. அப்ப கோக்கிக்கு அடுப்பு எப்புடி எரியும்?”

“மின்சார அடுப்புக்கா.”

“நமக்கு இன்னும் லைட்டே வரல. வானத்துக்குக் கரண்டு போயிருச்சு பாரு.”

கதை பாதியைத் தாண்டியபோது அக்காவுக்கு விசா வந்தது. குவைத்தில் ஒரு வீட்டில் சமையலும் பிள்ளை பார்ப்பதும் வேலை. கப்பல் அந்தக் கிரகத்திலிருந்து புறப்பட்டு, திசைகாட்டும் கருவி பழுதாகி, பூமி எந்தப் பக்கம் என்று தெரியாமல் மிதந்துகொண்டிருந்த இடத்தில் அவள் பஸ் ஏறினாள்.

அந்நாட்களில் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட் அனுப்புவது வழக்கம். லீவில் வந்து திரும்பும் பெண்கள் எடுத்துப் போவார்கள். பெட்டரி போட்ட கேசட் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பேசுவோம். அம்மா பேசத் தொடங்கிய சிறிது நேரத்தில் அழுதுவிடுவாள். அப்பா தொண்டையைச் செருமி, மேடையில் நிற்பவரைப் போல, “நாங்க எல்லாரும் சொகம்” என்று தொடங்குவார். அக்காவிடமிருந்து வந்த முதல் கேசட்டில் இப்படி இருந்தது: “வீட்டு விசயமெல்லாம் கேட்டுக்கிட்டேன். சந்தோசம். தங்கச்சி, மிச்சக் கதைய வாசிச்சு அனுப்பு. வேல முடிஞ்சு அடுப்படியில தனியா இருக்கேன், அப்ப கேப்பேன்.”

அப்பாவுக்குக் கோபம் வந்தது. “கேசட்டு பூராவும் ஒன் ராக்கெட்டுதானா? மாடு கன்னு போட்டத யாரு சொல்றது?”

“அதையும் சொல்லிட்டீங்கல்ல அப்பா, மூணு தடவ.”

“அவ மறந்துருவா புள்ள. தெரியாத ஊரு.”

ஆனாலும் அம்மா எனக்கு இடம் விட்டாள். தன் பேச்சைப் பாதியில் நிறுத்தி, “சரி, அவ கத வாசிக்கணும்ங்குறா, நா நிறுத்திக்கிறேன்” என்று ஒதுங்குவாள். அப்படி நான்கு கேசட்டுகள் போயின. கதையில் மிச்சமிருந்தது கடைசி அத்தியாயம் மட்டும். அதுவும் இரண்டரைப் பக்கம்.

அந்த இடைவெளியில் நான் மாறிவிட்டேன். உயர்தர வகுப்பில் தமிழ் படிப்பிக்க யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஆசிரியை வந்திருந்தார். என் மேசையில் அந்தப் புத்தகத்தைக் கண்டவர், “உதையோ பிள்ளை இன்னும் வாசிக்கிறீர்? உமக்கு மூளை இருக்கெல்லே” என்று சொல்லித் தன் அலுமாரியிலிருந்து நல்ல புத்தகங்களைத் தந்தார். அவரைக் குறை சொல்லமாட்டேன். எனக்குப் பெரிய உலகத்தைத் திறந்துவிட்டவர் அவர். அங்கே நுழைந்த நான், வந்த வழியை நினைத்து வெட்கப்பட்டேன். அந்த வெட்கம் முழுக்க என்னுடையது. விண்கப்பல் கதையின் கடைசி அத்தியாயத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கருவி தானாகச் சரியாகிவிடுகிறது; ஐந்து பேரும் பத்திரமாக வீடு திரும்புகிறார்கள். இதைவிட மலிவான முடிவு உண்டா என்று தோன்றியது. அக்காவுக்கு இதைவிட நல்லது கொடுக்க வேண்டும் என்று தீர்மானித்தேன்.

அடுத்த கேசட்டில் மலையகத்தைப் பற்றிய ஒரு சிறுகதையை வாசித்தேன். மழையில் கொழுந்துக் கூடையோடு சரிவில் விழுந்துபோகும் ஒரு பெண்ணின் கதை. நல்ல கதைதான், இன்றும் அப்படித்தான் சொல்வேன். அக்காவின் பதில் இரண்டு மாதம் கழித்து வந்தது.

“தங்கச்சி, நல்லா வாசிச்சிருக்க. அதுல வர்ற லயம் அப்புடியே நம்ம லயந்தான். கூரை ஒழுகுறதுகூட நம்ம கூரை மாதிரியே ஒழுகுது. அதக் கேக்க எனக்குக் கேசட்டு எதுக்கு? கண்ண மூடுனா தெரியுமே. அந்தக் கப்பல் என்னாச்சு?”

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் புண்பட்டும் போனேன். வேறொன்று பதிந்து அனுப்பவில்லை. ஆசிரியர் கல்லூரிக்குத் தெரிவாகி வீட்டை விட்டுப் போகும்போது, பழைய பேப்பர்களோடு அந்தப் புத்தகத்தையும் கடைக்குப் போட்டேன்.

அவளுடைய இரண்டு வருட ஒப்பந்தம் முடியவிருந்த மாதம், டவுனிலுள்ள கம்யூனிகேஷன் கடைக்கு அழைப்பெடுப்பதாகச் சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, நானும் லீவில் வந்திருந்தேன். அம்மா பேசினாள், அப்பா பேசினார். கடைசியாக என்னிடம் போன் வந்தது. எனக்குப் பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அவர்களில் எனக்குப் படிப்பித்த ஒருவரும் இருந்தார்.

“கோக்கி என்னா ஆனான் புள்ள? வீடு போய்ச் சேந்தானா?”

ஒரு சொல் போதும். ‘சேந்துட்டான்க்கா’ என்று சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால், ஆசிரியையாகப் போகிற நான், விண்கப்பலில் போன சமையல்காரனைப் பற்றி எப்படிப் பேசுவது என்று நாக்கு கூசியது.

“வாசிச்சு அனுப்புறேன்க்கா.”

“அனுப்புவியா?”

“அனுப்புறேன்.”

அனுப்பவில்லை. புத்தகம் இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டரைப் பக்கத்துக்குப் புத்தகம் எதற்கு? அடுத்த மாதம் அக்கா இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டாள். இரண்டுக்கும் தொடர்பு இருந்ததென்று நான் சொல்லவில்லை. அவளும் ஒருபோதும் சொன்னதில்லை. கூரைக்குத் தகரம் மாற்ற வேண்டியிருந்தது, என் படிப்பு இருந்தது, காரணங்கள் எத்தனையோ. அந்த இரண்டாவது தவணையின் நடுவில் அம்மா காலமானாள். அக்காவால் வர முடியவில்லை.

தவணை முடிந்து அவள் வந்த பிறகு கதையைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. பெட்டியில் பிளாஸ்கும் போர்வையும் அப்பாவுக்குக் கைக்கடிகாரமும் இருந்தன. அடியில் ஒரு துவாயில் சுற்றி, நாங்கள் அனுப்பிய கேசட்டுகள். நான் விண்கப்பல் கதை வாசித்த நான்கின் மேலொட்டிய தாளும் விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்திருந்தது.

ஒரு மாதம் போயிருக்கும். நான் சனிக்கிழமை வந்திருந்தேன். அவள் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். அரிசிப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, நானாகவே தொடங்கினேன்.

“அந்தக் கதைய நா முடிக்கவே இல்லக்கா.”

“நா முடிச்சுட்டேன்” என்றாள் அவள், மாவிலிருந்து கண் எடுக்காமல். “அந்த வீட்டுச் சின்னப் புள்ளைக்குச் சொன்னேன். எனக்குத் தெரிஞ்ச பாதிப் பாஷையில. குக்கர்தான் கப்பலு. அகப்பைதான் கோக்கி. நல்லா சிரிக்கும் அது. கடைசி என்னாச்சுன்னு விடாமக் கேட்டுச்சு.”

“என்னா சொன்னீங்க?”

“எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க, கோக்கி மட்டும் அந்த ஊர்லயே நின்னுட்டான்னு சொன்னேன். அங்க உள்ள உசுருங்களுக்கு ஆக்கிப்போட ஆள் வேணாமா?”

அடுப்பில் ரொட்டி கருகத் தொடங்கியது. அவள் அதைத் திருப்பிப் போட்டாள்.

“கோக்கியும் வந்துர்றான்க்கா” என்றேன். “எல்லாரும் வந்துர்றாங்க. கப்பல்லருந்து மொதல்ல எறங்குறதே அவன்தான்.”

“கோக்கியுமா?”

“ம்.”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. “அத அன்னைக்கு போன்லயே சொல்லியிருக்கலாமே புள்ள” என்றாள். பிறகு, “வந்து என்னா செஞ்சான்?” என்று கேட்டாள்.

“அதோட கதை முடிஞ்சிருச்சுக்கா.”

“அதான பாத்தேன்” என்று சிரித்தாள். “வந்ததுக்கப்புறம் என்னான்னு அவங்க எங்க எழுதப் போறாங்க.”

கேசட் முழுவதும் ராக்கெட்டா என்று அப்பா கோபப்பட்டதில் பாதி சரி என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அம்மாவின் குரல் அந்த நாடாக்களில் மட்டும்தான் எஞ்சியிருக்கிறது. ஒவ்வொன்றிலும் சில நிமிடங்கள். அதற்குப் பிறகு என் கதை. நான் கொஞ்சம் பொறுத்திருந்தால் அவள் இன்னும் பேசியிருப்பாள். அக்கா சில மாலைகளில் அவற்றில் ஒன்றைப் போடுவாள். அம்மா அழுவாள், பசுவைப் பற்றிச் சொல்வாள், “நா நிறுத்திக்கிறேன்” என்பாள். அக்கா அங்கே அணைத்துவிடுவாள் என்று முதல் தடவை நினைத்தேன். அவள் அணைக்கவில்லை. பதினேழு வயதுக் குரலில் நான் வாசித்துக்கொண்டே போனேன். கப்பல் இருட்டில் திசை தெரியாமல் மிதந்தது. கோக்கி சட்டியைக் கழுவிக் கவிழ்த்தான். நாடா தீர்ந்து பொத்தான் தானாக மேலெழும்பும்வரை நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அப்பாவும் போய்ப் பல வருடங்களாகின்றன. நான் லிந்துலைப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். லயத்து வீட்டில் அக்கா இருக்கிறாள்.