ஏலக்காய் ஸ்டோருக்குள் ஓர் ஏர்பேக்

ரோஸ்லின் அக்காவின் கார் என் ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது. ஸ்டியரிங் பழுது. அதற்காக, அதன் நடுவில் இருக்கும், மோதினால் உப்பும் ஏர்பேக்கைக் கழற்றினேன். சாமான் வர நாளாகும் என்றதும் அக்கா, "இங்க கெடந்தா பழசை வச்சு மாத்திருவீங்க" என்று அதைப் பையில் போட்டுக் கிளம்பிவிட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. அதற்கு மேல் பேசப் பிடிக்கவில்லை. "மழைக் காலம், ஈரம் படாம வைங்கக்கா" என்றதோடு விட்டுவிட்டேன்.

இன்று சாமான் வந்தது. ஏர்பேக்கை வாங்கிவர, ஏலத்தோட்ட ஊரான வண்டன்மேட்டில் அவர் வீட்டுக்குப் போனேன். அக்கா நேராக ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரைத் திறந்தார். அனல் முகத்தில் அடித்தது. உள்ளே, விறகுச் சூடு ஓடும் குழாய்மேல், துண்டில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தார்.

"ஒரு சொட்டு ஈரம் படல. தொட்டுப் பாரு தம்பி."

நான் தொடவில்லை. அக்காவின் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்து, முதலில் அடுப்பை அணைக்கச் சொன்னேன்.

"அதுக்குள்ள வெடிமருந்து இருக்குக்கா. இவ்வளவு சூடு பட்டதை இனி மாட்டக் கூடாது. கார் கம்பெனி ஆளுங்க வந்து, தள்ளி நின்னு வெடிக்க வச்சுத்தான் கழிக்கணும். அதுவரைக்கும் யாரும் உள்ள போகாதீங்க."

அக்கா ஸ்டோர் கதவை இழுத்துப் பூட்டினார்.

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் ஏன் தூக்கிட்டு வாறேன்? எம் மக தெனமும் அந்தக் குழாய்ப் பக்கத்துல ஒக்காந்துதான் காயைக் கிண்டிவிட்டா."

நான் கம்பெனிக்குப் போன் செய்தேன்.

இந்த அடைமழையில் 'ஈரம் படாத இடம்' என்றால் உங்கள் வீட்டில் எங்கே வைப்பீர்கள்? சொல்லுங்கள். வண்டன்மேட்டுக்காரர்கள் சொல்ல வேண்டாம், தெரிந்துகொண்டேன்.