நல்ல சீசன்

தென்காசிப் பேருந்து நிலையத்தில் இன்று காலை வெளியூர்க்காரர் ஒருவர், "அண்ணாச்சி, குத்தாலத்துல சீசன் எப்படி?" என்று விசாரித்தார். "தண்ணி நல்லா விழுது" என்று மட்டும் கூறினேன். சீசன் என்னும் சொல்லை நான் உச்சரிப்பதில்லை. கேட்டாலே, குற்றாலத்தில் நாங்கள் வாழ்ந்த வீட்டின் ஈரத்துணி வாடை நாசியில் ஏறுகிறது.

அவ்வாங்கிலச் சொல்லின் மூலம், விதைப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லென்று பின்னாளில் அகராதியில் படித்தேன். ஆங்கிலத்தில் அது எல்லாப் பருவங்களுக்கும் பொது. எங்களூரிலோ, சாரலடித்து அருவி விழும் மாதங்களுக்கு மட்டுமே அப்பெயர்.

அம்மாதங்களில் தந்தையார் எங்கள் முன்னறைகளைக் குளிக்க வருவோருக்கு வாடகைக்கு விடுவார். தாயார் அவர்களுக்குச் சமைப்பார். எனக்குப் பத்து வயதானபோது, தாயாரின் மார்பில் ஒரு கட்டி தோன்றியது.

"சீசன் முடியட்டும், பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்" என்றார் தந்தையார்.

"அருவி எப்ப வத்த, நான் எப்ப போக?" என்று சிரித்தபடியே தாயார் இட்லிக்கு மாவு ஊற்றினார்.

அவ்வாண்டு சாரல் ஓயவேயில்லை. ஆவணி கழிந்தும் அறைகள் காலியாகவில்லை, ஊரே மகிழ்ந்திருந்தது. புரட்டாசி இறுதியில் மருத்துவர் பார்த்தபோது நோய் முற்றியிருந்தது. தை பிறக்குமுன் தாயார் காலமானார்.

திருவேங்கடத்திலிருந்து துக்கம் கேட்க வந்த மாமா தந்தையாரின் அருகில் வந்து அமர்ந்தார். பேச வேறொன்றும் அகப்படாமல், "இந்த வருசம் சீசன் எப்படி மாப்ளே?" என்றார்.

"நல்ல சீசன் மச்சான்" என்றார் தந்தையார். "இப்படி ஒரு சீசன் பாத்ததே இல்ல."