சூரியனை மட்டும் கும்பிட்ட அரசன்

வெளிநாட்டில் ரொம்மன் என்ற இடத்தில் இருந்தபோது என் கணவர் ஒரு ஜெபக் குழுவில் சேர்ந்து, வீட்டிலிருந்த சாமிப் படங்களையெல்லாம் கழற்றிவிட்டார். நான் சண்டை பிடிக்கவில்லை. சின்னப் பிள்ளையார் ஒன்றை மட்டும் குசினி அலுமாரிக்குள் ஒளித்து வைத்துக்கொண்டேன்.

ஒருநாள் மகள் பள்ளிக்கூடத்துக்காக எகிப்திய அரசன் ஒருவனைப் பற்றி எழுதினாள். அவன் சூரியனை மட்டும் கும்பிட்டு, மற்றத் தெய்வங்களின் கோயில்களை மூடினவனாம்.

"அப்ப சனம் என்ன செய்ததாம்?" என்று கேட்டேன்.

"வீடுகளுக்குள்ள சின்னச் சிலைகளை வச்சிருந்தவையாம், அம்மா. பிறகு ஆராய்ச்சிக்காரர் நிலத்தைத் தோண்டேக்கை எடுத்திருக்கினம்."

"ராசாவுக்குத் தெரியாதோ?"

"தெரிஞ்சிருக்கும். அப்பாவுக்கும் தெரியும்தானே," என்றாள்.

எனக்கு முகம் சுட்டது. அன்றே பிள்ளையாரை எடுத்து வரவேற்பறைத் தட்டில் வைத்தேன். வேலையால் வந்த கணவர் அதைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு, "என்ன சாப்பாடு?" என்று கேட்டார்.