என் கன்னத்தின் குழிவு

எட்டாம் வகுப்பில் விஞ்ஞான ஆசிரியர் குழிவாடி பற்றிப் படிப்பித்தபோது, ஒட்டிப்போன என் கன்னத்தைப் பிரம்பால் தொட்டு, "உள்ளுக்கு வளைஞ்சிருக்கு, இதுதான் குழிவு" என்றார். படிப்பு முடியும்வரை 'குழிவு' என்பதே என் பட்டப்பெயர்.

போன வருடம், திருகோணமலைத் துறைமுகத்துக்கு அருகில் நான் வேலைசெய்யும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அவர் வந்தார். தூரத்தில் உள்ளது மங்கலாகத் தெரிகிறதாம். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"குழிவு வில்லை போடவேணும், சேர். என்ர கன்னம் மாதிரி" என்றேன். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் முகம் கறுத்தது. "அது பகிடிக்குச் சொன்னது, பிள்ளை."

"எனக்கு அது பகிடியா இருக்கேல்லை."

கண்ணாடி இரண்டு நாளில் தயாராகிவிட்டது. அதை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன். அவர் தொலைபேசியில் கேட்டபோதெல்லாம் "இன்னும் வரேல்லை, சேர்" என்றேன். மூன்று கிழமை அவர் மங்கலிலேயே நடந்தார். அதற்காக நான் வருந்தவில்லை.