ஆமைக்குக் கட்டிய வீடு

சரியாக மாலை ஐந்தேகால் மணி. ராசிபுரம் போகும் பஸ் எங்கள் தெருமுனையில் ஹாரன் அடித்துத் திரும்புவது அந்த நேரத்தில்தான். அதனால் இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஹாரன் ஓய்வதற்குள் புது வீட்டு வாசலிலிருந்து மாமாவின் குரல் கேட்டது.

“யாரும் உள்ள வராதீங்க! அம்மிணி, கொழந்தையப் புடிச்சுக்க!”

மறுநாள் காலை அந்த வீட்டுக்குப் புதுமனை புகுவிழா. வெண்ணந்தூரில் அப்பா விசைத்தறி ஓட்டிக் கட்டிய வீடு. அம்மாவின் அண்ணனான மாமா வாசலில் வாழைமரம் கட்டிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறார். கூடத்து வெள்ளை மொசைக் தரையில், வாசலுக்கு நேர் எதிரே, செக்கச்செவேலென்று ஒரு சதுரம். அதன் தலைமேல் ஒரு முக்கோணம். ஒவ்வொரு கோட்டின் பக்கத்திலும் ஆங்கில எழுத்துகள், எண்கள். நடுவில் ஒரு எலுமிச்சம்பழம். பழத்தில் ஒரு தீக்குச்சி குத்தியிருந்தது.

அதைப் போட்டது நான்தான். நான்காம் வகுப்பு வீட்டுப்பாடம்.

இத்தனை காலம் கழித்து இதை எழுத வைத்தது ஒரு பிளாஸ்டிக் வண்டு. சென்ற வாரம் அஸ்தம்பட்டியில் என் மகள் படிக்கும் பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்டு அதைக் காட்டினார்கள். வண்டின் முதுகில் அம்புக்குறிப் பொத்தான்கள். மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் அவற்றை வரிசையாக அமுக்கினால், கட்டம் போட்ட விரிப்பில் வண்டு முன்னால் போகிறது, திரும்புகிறது, கடைசியில் ஒரு அட்டை வீட்டுக்குள் நுழைகிறது. விளையாட்டுப்போலவே கோடிங் வந்துவிடும் என்றார்கள். மற்ற பெற்றோர் கைதட்டினார்கள், வீடியோ எடுத்தார்கள். வண்டு வீட்டுக்குள் போனதும் நான் மட்டும் எழுந்து வராந்தாவுக்கு வந்துவிட்டேன். அன்று மாலை மகளிடம், “இதையெல்லாம் உனக்குச் சொல்லிக் கொடுக்கறது யாரு? அவங்க எந்த ஊரு? எங்க குடியிருக்காங்க?” என்று கேட்டேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். அது என் கேள்வியே இல்லை, மாமாவின் கேள்வி என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நான் படித்த பள்ளிக்கு அந்த வருடம்தான் இரண்டு கம்ப்யூட்டர்கள் வந்திருந்தன. அவற்றுக்கென்று தனி அறை, திரைச்சீலை, ஊரில் எந்த வீட்டிலும் இல்லாத ஏ.சி. செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் கழுவித்தான் உள்ளே போக வேண்டும். கோயிலுக்குப் போகிற பயத்தோடுதான் நாங்கள் போவோம். கம்ப்யூட்டர் டீச்சர் வெளியூர்க்காரர், சின்ன வயது, எதற்கும் சிரிப்பார். கறுப்புத் திரையின் நடுவில் நின்ற ஒரு வெள்ளை முக்கோணத்தைக் காட்டி, இதுதான் ஆமை என்றார். எஃப், டி என்று இரண்டு எழுத்தையும் ஐம்பதையும் தட்டினால் ஆமை கோடு இழுத்துக்கொண்டு முன்னால் போகும். ஆர், டி என்று தட்டித் தொண்ணூறு போட்டால் வலது பக்கம் திரும்பும். சொன்னதை மட்டும் செய்யும், தானாக எதையும் யோசிக்காது.

வகுப்பு முழுவதற்கும் இரண்டே கம்ப்யூட்டர் என்பதால் விரல் வைப்பதற்குள் முறை முடிந்துவிடும். அதனால் டீச்சர் ஒரு வழி சொன்னார். வீட்டுத் தரையில் கோடு போட்டுப் பழகுங்கள். கையில் கிடைக்கிற எதையாவது ஆமையாக வைத்துக்கொள்ளுங்கள். அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரிய ஒரு மூக்கு வேண்டும். திங்கட்கிழமை வரும்போது ஆமைக்கு ஒரு வீடு கட்டிப் பழகி வாருங்கள்.

ஆமை வீட்டுக்குள் வரக்கூடாது என்பது எங்கள் பக்கம் கைக்குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் கம்ப்யூட்டர் ஆமை அந்தக் கணக்கில் வராது என்று நினைத்தேன். புது வீட்டுக் கூடத்தைப்போல அகலமான தரை வேறெங்கும் இல்லை. பெயிண்ட் அடித்தவர்கள் மதில் சுவருக்குப் பட்டை போட்டுவிட்டு மீதிக் காவிக் கட்டியை மூலையில் விட்டுப் போயிருந்தார்கள். ஆமைக்கு, பூசைக் கூடையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம். மூக்குக்குத் தீக்குச்சி. முடித்துவிட்டு எனக்கே பெருமை தாங்கவில்லை.

மாமா வாசற்படியைத் தாண்டவில்லை. “இது ஏவல்தானுங்க மாப்ள. பழத்துல குத்தியிருக்கறதப் பாருங்க” என்றார்.

அப்பா தறிப் பட்டறையிலிருந்து பஞ்சு ஒட்டிய தலையோடு ஓடி வந்திருந்தார். “சும்மா இருங்க மச்சான். பெயிண்ட்டுக்காரன் எவனாச்சும் கிறுக்கியிருப்பான்.”

“பெயிண்ட்டுக்காரனுக்கு இங்கிலீசு எதுக்குங்க?”

“நாந்தானுங்க மாமா போட்டேன்” என்றேன்.

நான் எதிர்பார்த்தது திட்டு. மாமாவோ என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, என் கண் இமையை விரலால் விலக்கிப் பார்த்தார். “பாத்தீங்களா? கொழந்தை கையாலயே போட வெச்சுட்டாங்க” என்றார் அப்பாவிடம். பிறகு என்னிடம், குரலை இறக்கி, “தீக்குச்சி எதுக்கு சாமி குத்துனே?”

“அது மூக்குங்க.”

“யாரோட மூக்கு?”

“ஆமையோடதுங்க.”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஆமைய வெச்சு என்ன பண்ணச் சொன்னாங்க?”

“ஊடு கட்டச் சொன்னாங்க. அப்பறம் உள்ள கூட்டிட்டுப் போவோணும்.”

“சொன்னது யாரு?”

“கம்ப்யூட்டர் டீச்சரு.”

“எந்த ஊரு அவங்க? எங்க குடியிருக்காங்க?”

“பெரியப்பா ஊட்டு மாடிலதானுங்க மாமா.”

வாசலில் நின்ற எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

பெரியப்பா என்றால் அப்பாவின் ஒரே அண்ணன். இரண்டு தெரு தள்ளி வீடு. ஒன்றாக ஓட்டிய தறிகளைப் பிரித்தபோது, பட்டறைக்குப் போகும் வண்டித் தடம் யாருக்கு என்பதில் வாய்த்தகராறு வந்து, அதோடு பேச்சு நின்றுபோனது. அப்பா எங்களை அந்தத் தெரு வழியாகக்கூட அனுப்ப மாட்டார். நான் மட்டும் பள்ளி விட்டு வரும்போது பெரியப்பா வீட்டுக்குள் போய்ப் பொரி வாங்கித் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவேன். புது வீட்டு வேலை முடிந்ததும் அம்மா விடாமல் சொல்லி, அப்பா தாம்பூலத் தட்டோடு நேரில் போய் அழைத்திருந்தார். “வாரேன்” என்று பெரியப்பா சொன்னாராம். அந்த ஒரு சொல்லை அம்மா அக்கம்பக்கமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் எந்தப் புதுமனைக்கும் சாமி படத்தை ஏந்தி முதலில் உள்ளே போவது மூத்தவர்தான். மூத்தவர் வராவிட்டால் படம் மாமாவின் கைக்கு வரும்.

மாமா உண்மையிலேயே பயந்தாரா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். அன்று அந்தச் சந்தேகம் யாருக்கும் வரவில்லை.

“தடத்த உட்டுக் குடுத்தவரு சும்மா இருப்பாருன்னா நெனச்சீங்க? டீச்சரக் குடி வெச்சு, பள்ளிக்கூடத்து வழியா வந்திருக்காரு. வெவரமான ஆளு” என்றார் மாமா.

“அது கம்ப்யூட்டர் பாடமுங்க மாமா, எல்லாருக்குமே குடுத்தாங்க” என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். நான் சொல்லச் சொல்ல, அதுவே என்னை ஏவல் பிடித்திருப்பதன் அடையாளம் என்று ஆகிக்கொண்டிருந்தது. அம்மா என் நெற்றியில் திருநீற்றை அப்பி, வாயை மூடு கண்ணு என்றாள்.

அப்பாவுக்குச் செய்வினையில் நம்பிக்கை கிடையாது. ஊரில் பேயோட்டுகிறவரைக் கேலி செய்கிற ஆள் அவர். வாசற்படியில் உட்கார்ந்து அந்தச் சிவப்புச் சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, “நல்ல காரியத்துல எதுக்கு வம்பு? வர வேண்டாம்னு சொல்லிட்டு வந்துருங்க மச்சான்” என்றார்.

அம்மா, “ஏனுங்க…” என்று ஆரம்பித்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. வலித்துக்கொண்டிருந்த பல்லைப் பிடுங்கி எறிந்ததும் ஒரு முகம் வருமே, அப்படி இருந்தது அவர் முகம். மாமா மொபெட்டை உதைத்துக் கிளப்பினார்.

எலுமிச்சம்பழத்தை இடுக்கியால் எடுத்து முச்சந்தியில் எறிந்தார்கள். தரையை மஞ்சள் தண்ணீர் ஊற்றித் தேய்த்தார்கள். பிறகு கோமியம், அதற்குப் பிறகு சோப்புத்தூள். கடைசி மெருகு போடாத தரை என்பதால் காவி உள்ளே இறங்கிவிட்டிருந்தது. எவ்வளவு தேய்த்தும் என் ஆமையின் வீடு வெளிர் சிவப்பில் அப்படியே நின்றது. அதன்மேல் ஜமுக்காளத்தை விரித்தார்கள்.

நான் டீச்சரை நம்பிக்கொண்டிருந்தேன். அவரையும் விழாவுக்கு அழைத்திருந்தேன். அவர் வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாமா மறுபடியும் மொபெட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பெரியப்பாவைக் கூட்டி வந்துவிடுவார் என்று உறுதியாக நினைத்தேன்.

காலையில் மாமா பட்டுவேட்டி கட்டி, சாமி படத்தை நெஞ்சோடு அணைத்து உள்ளே போனார். அடுத்து மாடும் கன்றும். வாசல் வரை சாதுவாக வந்த மாடு, கழுவிக் கழுவி ஈரம் காயாத தரையில் முன்னங்கால் வழுக்கியதும் பின்வாங்கி நின்றுவிட்டது. கீரை காட்டினார்கள், வெல்லம் காட்டினார்கள், பின்னால் இருந்து தள்ளினார்கள். கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. மாமா அப்பாவைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். கடைசியில் கன்றை இரண்டு பேர் தூக்கி உள்ளே கொண்டுபோக, மாடு அலறிக்கொண்டு பின்னால் போனது.

பந்தி தொடங்குகிற நேரத்தில் டீச்சர் ஒரு சுவர்க்கடிகாரத்தோடு வந்தார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்துப் போய் ஜமுக்காளத்தைத் தூக்கிக் காட்டினேன். அவர் சத்தமாகச் சிரித்தார். “அடடே, கூரையெல்லாம் போட்டுட்டியே! இந்தக் கோணம்தான் கொஞ்சம் தப்பு.” சுற்றி நின்றவர்கள் சிரிக்காததைப் பார்த்ததும் முகம் மாறி, என்ன ஏது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார். எழுத்துக்கு அர்த்தம், எண்ணுக்கு அர்த்தம், மூக்குக்கு அர்த்தம். ஒவ்வொருவராகச் சிரிக்க ஆரம்பித்தார்கள். எல்லோரையும்விட அதிகம் சிரித்தது மாமாதான்.

“அப்படீங்களா டீச்சர்! நமக்கு என்னுங்க தெரியும், தறியும் தார்க்குச்சியும் தவிர” என்றார். “மொதல்ல கை நனைங்க, வாங்க.”

டீச்சர் நகரவில்லை. அப்பாவிடம் மெதுவாக, “உங்கண்ணன் விடியறதுக்கு முன்னாடியே குளிச்சு, புது வேட்டி கட்டி, முன் ரூம்லயே உக்காந்திருந்தாருங்க. யாராச்சும் ஒரு வார்த்தை வந்து கூப்பிடுவாங்கன்னு…” என்றார்.

“சாப்புடுங்க டீச்சர்” என்றார் அப்பா.

நான் மாமாவைப் பார்த்தேன். மொபெட் பந்தல்காலில் சாய்ந்து நின்றது. சாவி அதிலேயே தொங்கியது. “மாமா, பெரியப்பாவக் கூட்டிட்டு வரலாமுங்களா?” என்று கேட்டேன். அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். “பாயசம் பத்துமான்னு பாரு அம்மிணி” என்று சமையல் பக்கம் போய்விட்டார். அப்பாவைக் கேட்டேன். அம்மாவைக் கேட்டேன். “போயி உக்காந்து சாப்புடு கண்ணு” என்றாள் அவள், என் முகத்தைப் பார்க்காமல். ஆமை எந்தத் தப்பும் செய்யவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டதே, பிறகும் ஏன் யாரும் கிளம்பவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

பந்தல்காரர்கள் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது பெரியப்பா சைக்கிளில் வந்து இறங்கினார். டீச்சர் சொன்ன அதே புது வேட்டி. கேரியரில் பேப்பர் சுற்றிய குத்துவிளக்கு. கேட்டுக்கு வெளியிலேயே நின்று, அதை அவிழ்த்துக் கம்பிக்கு மேலாக என் கையில் கொடுத்தார். கனம் தாங்காமல் நான் மார்போடு அணைத்துக்கொண்டேன். அப்பா வாசலுக்கு வந்து நின்றார். வேட்டியின் மடிப்பை ஒருமுறை அவிழ்த்துக் கட்டினார்.

“உள்ள வாங்கண்ணா” என்றார்.

பெரியப்பா அவரைப் பார்க்கவில்லை. என் கன்னத்தைத் தட்டி, என்னிடம்தான் சொன்னார்: “நான் உள்ள வந்தா உங்கொப்பன் மறுபடியும் தரையக் கழுவோணும் சாமி. தண்ணி கெடக்கற கெடப்புல அது எதுக்கு?”

அந்தக் கோடையில் ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தது. அவர் சொன்னது எனக்கு ரொம்ப நியாயமாகப் பட்டது.