கும்மிடிப்பூண்டி ஸ்லாக் மேட்டில் ஒரே ஓர் இறக்கம்

2008 பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ஒரு சைக்கிளை ஓட்டிப் பார்க்கப் போனேன். அது என்னுடையது அல்ல. அன்று மூன்று மணிக்கு அது லாரியேறி, துறைமுகம் வழியாக ஜெர்மனிக்குப் போக இருந்தது. அவசரம் அதனால்தான்.

முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் வைத்த எண்டூரோ வகை மலைச் சைக்கிள். மிதித்தே மேடு ஏறலாம். கல்லும் பள்ளமுமான சரிவில் வேகமாக இறங்கலாம். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இரண்டு வருடம் இதைப் பற்றிப் படித்தவன் நான். தொட்டுப் பார்த்தது ஒரே ஒரு பாகத்தை. உருக்காலையில் மிஷின் நிறுவ வந்த ஜெர்மன்காரர், பின் ஷாக்கைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டதென்று நான் வேலை பார்க்கும் காக்களூர் பட்டறைக்குக் கொண்டுவந்தார். வெண்கலத்தில் கடைந்து கொடுத்தேன், மூன்று மாதம் முன்பு. "ஒருநாள் வந்து ஓட்டிப் பார்" என்றார். ஞாயிறெல்லாம் எனக்கு ஓவர்டைம். அவர் வியாழக்கிழமை ஊருக்குப் போய்விட்டார். சைக்கிளைப் பெட்டியில் அடைக்கும் பொறுப்பு அந்த ஆலை ஃபிட்டர் சாலமன் அண்ணனுக்கு. அவர்தான் போன் செய்தார்.

ரயிலில் போனால் சென்னை வரை போய்த் திரும்ப வேண்டும், வெட்டி வேலை. காலை 7.10க்குப் பெரியபாளையம் பஸ், ஒன்பது ரூபாய், சுமார் 25 கிலோமீட்டர். அங்கிருந்து கவரைப்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ, பத்து ரூபாய். மடியில் ஹெல்மெட்டைப் பார்த்த டிரைவர் விடவில்லை.

"வண்டி எங்கபா?"

"ஜெர்மனிக்குப் போவுது."

"வண்டி அங்க போவுது, நீ இங்க ஹெல்மெட்ட வெச்சிக்கினு இன்னா பண்ற?"

கவரைப்பேட்டையிலிருந்து அடுத்த ஸ்டேஷன் கும்மிடிப்பூண்டி. டிக்கெட் நாலு ரூபாய், காத்திருப்பு ஐம்பது நிமிடம். ஆலை வாசலில் நிற்கும்போது மணி 10.40.

சைக்கிள் பளபளவென்று நின்றது. 14.5 கிலோ, முன்பக்கம் 160 மில்லிமீட்டர் அமுங்கும், பின்பக்கம் 150. மலை கிடையாது இந்த ஊரில். ஆலைக்குப் பின்னால் ஸ்லாக், அதாவது இரும்பு உருக்கிய கழிவு, கொட்டிய கருப்பு மேடு இருக்கிறது, நாலு மாடி உயரம். நேராக அங்கே தள்ளிக்கொண்டு போனேன். பிரேக்கைப் பிடித்துப் பார்க்கவில்லை. முட்டாள்தனம், ஒப்புக்கொள்கிறேன்.

உச்சியிலிருந்து கிளம்பினேன். பிரேக் லீவரை முழுக்க இழுத்தும் வண்டி நிற்கவில்லை. வேலிக்காத்தான் புதர்தான் நிறுத்தியது. முழங்கையில் ரத்தம், வண்டிக்கு ஒன்றுமில்லை. முதலில் பார்த்தது வண்டியைத்தான்.

"அண்ணே, பிரேக் டிஸ்க்குக்கு எண்ணெய் போட்டீங்களா?"

"சனிக்கெழமன்னா எல்லா மிஷினுக்கும் எண்ணெ. இத்த மட்டும் உட்ருவனா? கிரீச்சு கிரீச்சுன்னு கத்திக்கினு கெடந்துச்சு. இப்ப சத்தம் கீதா பாரு!"

"சத்தமும் இல்ல, பிரேக்கும் இல்ல!"

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. ஆலையில் எண்ணெய் போட்டு அவர் எதையும் கெடுத்ததில்லை. பிரேக் பேட்களைக் கழற்றி, கேஸ் டார்ச்சில் புகை அடங்கும்வரை சூடாக்கி, எமரித் தாளில் தேய்த்தோம். டிஸ்க்கைத் தின்னரில் நான்கு முறை துடைத்தோம். மறுபடி பூட்டி, சமதரையில் பிடித்துப் பழக்கி, பிரேக் கடிக்க ஆரம்பித்தபோது மணி 2.15. மூன்று மாதமாகக் காத்திருந்தவனுக்கு மிச்சம் முக்கால் மணி நேரம்.

ஏறி உட்கார்ந்தேன். பின் ஷாக் அசையவே இல்லை. ஜெர்மன்காரர் தொண்ணூறு கிலோ, நான் 58. ஷாக்குக்குள் இருக்கும் காற்று அவர் எடைக்கு அடித்தது.

"பம்பு எங்கண்ணே?"

"டூல் பொட்டில. ஆணி அட்ச்சாச்சு."

வால்வில் விரலை வைத்தேன்.

"எறக்கிட்டா ஏத்த முடியாதுபா. தொர கேட்டா நா இன்னா சொல்றது?"

"நான் இறக்கினேன்னு சொல்லுங்க."

அவர் டிஸ்க்கை ஒருமுறை பார்த்தார். "சரி, எறக்கு" என்றார்.

நான் உட்கார்ந்ததும் ஷாக்கில் மூன்றில் ஒரு பங்கு அமுங்கும் அளவுக்கு இறக்கினேன். பிறகு மேட்டில் மிதித்தேறினேன். பின்பக்கம் ஆடி சக்தியைத் தின்னும் என்று இணையத்தில் எழுதுகிறார்களே, பாதி உண்மை. உச்சியில் சீட்டைத் தாழ்த்திக்கொண்டு இறங்கினேன். தலையளவு கட்டிகள் சக்கரத்துக்கு அடியில் போவது தெரிந்தது, உடம்புக்கு வந்து சேரவில்லை. தரை நான் நினைத்த இடத்தில் எல்லாம் இருந்தது. பதினான்கு விநாடி. இன்னொரு முறை ஏறத் திரும்பினேன். வாசலில் லாரி ஹாரன் அடித்தது.

இதுபோல் இரவல் வண்டி ஓட்டப் போகிறவர்களுக்கு: சமதரையில் முதலில் பிரேக்கைப் பாருங்கள். டிஸ்க் பக்கம் எண்ணெய் போகவே கூடாது. ஷாக் பம்ப்பைக் கையோடு கொண்டுபோங்கள். ஞாயிறன்று இந்தப் பாதைக்கு மூன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

சாலமன் அண்ணன் வேலை முடித்த ஒவ்வொரு மிஷினிலும் ஓர் அட்டை கட்டுவார். சைக்கிளுக்கும் ஒன்றை நீட்டினார். '58 கிலோ' என்று இங்கிலீஷில் எழுதி ஹேண்டில்பாரில் கட்டினேன். மூடியை வைத்து அவர் ஆணி அடித்தார். ஜெர்மனியில் அந்த மனிதர் ஏறி உட்கார்ந்தால் பின்பக்கம் தொப்பென்று இறங்கும். பம்ப்பை எடுத்துக் காற்றடித்துக்கொள்வார், இரண்டு நிமிட வேலை. கப்பலில் போகிற வரைக்கும் அது என் எடைக்குத்தான் நிற்கும்.