பிரதிவாதி ஆஜர்

கோர்ட்டு வாசலில் நின்று பெயர் கூப்பிடுவதற்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் கிடையாது. நின்று நின்றுதான் கற்றுக்கொள்ள வேண்டும். முதல் கூப்பாடு வராந்தாவில் நிற்பவர்களுக்கு. இரண்டாவது, படிக்கட்டில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு. மூன்றாவது, வெளியே டீக்கடை வரைக்கும் போய்விட்டவனுக்கு. மூன்றையும் ஒரே சத்தத்தில் கத்தினால் தொழில் தெரியாதவன் என்று அர்த்தம். நடுவில் மூச்சுவிட இடம் வேண்டும். கூப்பிடப்பட்டவன் ‘நம்மைத்தானா?’ என்று பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து, டீயைப் பாதியில் வைத்துவிட்டு, வக்கீலைத் தேடிக்கொண்டு ஓடிவர அந்த இடைவெளி. மூன்றாவதற்கும் வரவில்லையென்றால் எக்ஸ்பார்ட்டி. ஆள் இல்லாமலே தீர்ப்பாகிவிடும். ஆகையால் மூன்றாவது கூப்பாட்டில் கொஞ்சம் இரக்கமும் கலந்திருக்க வேண்டும் என்பது கோர்ட்டு டவாலியான அவருடைய கட்சி.

வேலையில் சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறும்வரை அவர் செய்தது இதைத்தான். கோர்ட்டில் அவருக்கு ‘மூணுதரம்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுவிட்டது. அவர் கூப்பிட்டால் ஜன்னல் கம்பியில் உட்கார்ந்திருக்கும் புறாக்கள் பறக்கும் என்பார்கள். அதைக் கேட்டால் அவர் அடக்கமாகச் சிரிப்பார், மறுக்க மாட்டார்.

அவருடைய மனைவி நூலகத்தில் வேலை பார்த்தவர். தொழில் நேர் எதிர். உதட்டில் விரலை வைத்து ‘உஷ்’ என்பார். அதையும் ஒரே ஒரு தரம்தான். “இவரு கத்தினதையும் நான் அடக்கினதையும் கூட்டிக் கழிச்சுப் பார்த்தா வீட்டுக் கணக்கு நேராயிடும்” என்று வருகிறவர்களிடம் சொல்வார்.

இரண்டு பேரும் ஓய்வு பெற்ற வருஷம், ஊருக்கு வெளியே இருந்த நாய்ப் பந்தயத் திடலை மூடிவிட்டார்கள். ஓடி முடித்த நாய்களை வேண்டியவர்கள் கொண்டுபோகலாம் என்றார்கள். வேடிக்கை பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர், இரண்டு கயிறுகளோடு திரும்பி வந்தார். ஒவ்வொரு கயிற்றின் மறுமுனையிலும் ஒரு வேட்டை நாய். ஒட்டிய வயிறு, குச்சிக் கால், மூஞ்சியில் பாதிக்கு மேல் மூக்கு.

“வேடிக்கை பார்க்கப் போனீங்களே?” என்றார் மனைவி.

“பார்த்தேன். அதுங்களும் என்னைப் பார்த்துச்சு.”

காப்பி நிறத்துப் பெண் நாய் எடுத்ததற்கெல்லாம் புகார் செய்யும். தண்ணீர் குறைந்தால் ஒரு குரல், கதவு சாத்தியிருந்தால் ஒரு குரல், மெத்தையில் வெயில் நகர்ந்து போய்விட்டால் அதற்கும் ஒரு குரல். அதற்கு ‘வாதி’ என்று பெயர் வைத்தார். சாம்பல் நிறத்து ஆண் நாய் ஒரு தப்பும் செய்யாது. ஆனாலும் எங்கே ஒரு டம்ளர் உருண்டாலும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு குற்றவாளி மாதிரி மூலையில் போய் நிற்கும். அதற்கு வேறென்ன பெயர் வைக்க முடியும்? ‘பிரதிவாதி’ என்றார்.

வேட்டை நாய் என்றதும் தெருவே பயந்தது. பக்கத்துக் கடைத் தையல்காரர் பதினைந்து நாள் எதிர்ச் சாரியிலேயே நடந்தார். நாய்களோ விடிந்தால் சோபா, வெயில் வந்தால் ஜன்னலோர மெத்தை, வெயில் போனால் மறுபடியும் சோபா. அந்த வீட்டில் ஓய்வு பெற்றவர்கள் நாலு பேர், அதில் ஒழுங்காக ஓய்வு எடுத்துக்கொண்டவை இரண்டுதான்.

சாயங்காலம் சோறு வைத்துவிட்டு மூணுதரம் பின்வாசலில் நின்று கூப்பிடுவார். பழக்கம் எங்கே போகும்? வாதி, வாதி, வாதி. பிரதிவாதி, பிரதிவாதி, பிரதிவாதி. கடைசிக் கூப்பாட்டில் இரண்டும் தட்டு முன்னால் ஆஜராகும். மனைவி எப்போதாவது கூப்பிட்டால் வராது. காதை மட்டும் தூக்கிவிட்டுப் படுத்துக் கிடக்கும்.

“திமிரு பிடிச்சதுங்க. ஒரு தரம் சொன்னா உறைக்காதா? ஒரு ஹால் நிறையப் பேரு எனக்கு அடங்கியிருக்காங்க.”

“அதுங்க என்ன செய்யும்? குரலுன்னு ஒண்ணு இருக்கு இல்ல? என் தொண்டைக்குத்தான் வருதுங்க” என்று மீசையைத் தடவிக்கொள்வார் அவர். அந்த ஒரு விஷயத்தில் அவருக்குக் கர்வம் உண்டு.

அந்தத் தொண்டைதான் காலை வாரியது. சளி என்று நினைத்துக்கொண்டிருந்த கரகரப்பு போகவே இல்லை. டாக்டர் வாய்க்குள் விளக்கை விட்டுப் பார்த்தார். “ரொம்பக் கத்தியிருக்கீங்க. உள்ள தடிச்சுப் போயிருக்கு. ஒரு மாசம் வாயே திறக்கக் கூடாது. முணுமுணுக்கக்கூடக் கூடாது. ஒரே ஒரு தடவை கத்தினாலும் அப்புறம் என்கிட்ட வந்து பிரயோஜனமில்ல.”

“ஒரு மாசமா?” என்று கேட்டார் மனைவி. அதில் கவலை எவ்வளவு, மகிழ்ச்சி எவ்வளவு என்று டாக்டரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

வெளியூரில் இருக்கும் மகள் போனில் கேட்டாள்: “அப்பா பேசாம இருக்காரா? நிஜமாவா? வீடியோவைப் போடும்மா, நான் பார்க்கணும்!” அவர் கேமரா முன்னால் உட்கார்ந்து வாயைப் பூட்டிச் சாவியைத் தூர எறிவது போல் காட்டினார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மனைவி ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்தார். அதில் அவர் முதலில் எழுதியது, ‘காப்பி’.

ஒரு வாரம் நல்லபடியாகப் போனது. பிறகு ஒரு காலையில் அந்தச் சத்தம் வந்தது.

எதிர்ச் சாரியில் புதிதாக வந்த மருந்துக் கடையில் இரும்பு ஷட்டர். அதை மேலே தள்ளும்போது ‘தடால்’ என்று ஒரு சத்தம் கேட்கும். பந்தயத் திடலில் நாய்களை அடைத்திருக்கும் கூண்டின் கதவு திறக்கும் சத்தமும் அச்சு அசல் அதேதான். அந்தச் சத்தத்துக்கு ஓடத்தான் பிரதிவாதியைப் பழக்கியிருந்தார்கள். ஷட்டர் ஏறும் நேரத்தில் மூணுதரம் பக்கத்தில் நின்று “சைலன்ஸ்!” என்று ஒரு அதட்டல் போட்டால் போதும், அது அப்படியே உறைந்து நிற்கும். வாயைப் பூட்டிய பிறகு கயிற்றை இறுக்கிப் பிடித்துத்தான் சமாளித்தார். அன்றைக்கு நடந்துவிட்டு வந்து, கேட்டைத் தாழ்ப்பாள் போடுவதற்கு முன்னாலேயே அவர் பிரதிவாதியின் கயிற்றைக் கழற்றிவிட்டார். ஷட்டர் ஏறியது. அவர் வாயைத் திறந்தார். டாக்டர் நினைவுக்கு வந்தார். வாயை மூடினார். அதற்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

உள்ளே ஓடினார். இரண்டு கையையும் ஆட்டினார், காதுகளை விரலால் தூக்கிக் காட்டினார், ஓடிக் காட்டினார்.

“யாரு, பிரதிவாதியா? ஓடிடுச்சா? ஐயையோ!” மனைவி அடுப்பை அணைத்துவிட்டு, முதல் முறையாக வாதியின் கயிற்றைத் தன் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பினார். சிலேட்டு சாப்பாட்டு மேஜையிலேயே தங்கிவிட்டது.

பேக்கரி வாசலில் மூணுதரம் முந்திக்கொண்டார். உயரத்தைக் கையால் காட்டினார், வயிற்றை எக்கிக் காட்டினார், மூக்கை முழநீளத்துக்கு இழுத்துக் காட்டினார்.

பேக்கரிக்காரம்மா யோசித்தார். “ஒல்லியா, உயரமா, மூக்கு நீளமா... உங்க மச்சானைத் தேடுறீங்களா? இப்பதான் பன் வாங்கிட்டுப் போனாரு.”

“நாய்ம்மா, எங்க நாய்” என்றார் பின்னாலேயே வந்த மனைவி. “எங்க அண்ணனைப் பத்தி அப்புறமா பேசிக்கலாம்.”

பூங்காவில் இல்லை. பஸ் நிறுத்தத்தில் இல்லை. பள்ளிக்கூட மதிலோரம் இல்லை. ஒவ்வொரு முனையிலும் மனைவி நின்று, “பிரதிவாதி” என்று ஒரு தரம் கூப்பிட்டார். புத்தக அலமாரிகளுக்கு நடுவே கூப்பிடுகிற குரல் அது. பக்கத்தில் போனவர்கள்கூடத் திரும்பவில்லை. பெரிய சாலைக்கு வந்து நின்று லாரிகளைப் பார்த்தபோது இரண்டு பேருக்கும் ஒரே நினைப்புதான். அதை அவர் சொல்ல முடியாது, மனைவி சொல்லவில்லை.

“அது பாவம், ஒரு பூனை சீறினாலே என் காலுக்குப் பின்னால வந்து ஒளிஞ்சுக்கும்” என்றார் மனைவி. அதுவரைக்கும் ‘அதுங்க’ என்று இரண்டையும் சேர்த்தே சொல்லிக்கொண்டிருந்தவர்.

சோர்ந்துபோய்த் தங்கள் தெருவுக்கே திரும்பி வந்தார்கள். தையல் கடை முன்னால் மூணுதரம் நின்றார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். தோளை விரித்தார். கோர்ட்டு வாசலில் நிற்கிற அதே நிற்பு. குரல் போனால் போகட்டும், நாய் வேண்டும்.

மனைவி பாய்ந்து அவர் வாயைப் பொத்தினார். “என்னங்க செய்றீங்க? நாளைக்கு என்னை எதைக் கொண்டு கூப்பிடுவீங்க?” என்று சொல்லிவிட்டு, படபடப்பில் தானே கூப்பிட்டார்: “பிரதிவாதி!” மறுபடியும், “பிரதிவாதி!”

இரண்டாவது கூப்பாடு காதில் விழுந்ததும் நின்றதும் காலடியில் படுத்துவிட்ட வாதி எழுந்தது. இரண்டு காதும் நெட்டுக்குத்தாக நின்றன. தன் பெயர் இல்லையென்றாலும், அடுத்ததற்குக் காத்துக்கொண்டு நின்றது.

மூணுதரம் அதையே பார்த்தார். வராந்தாவில் அவர் எத்தனையோ முகங்களில் பார்த்த பார்வை அது. இரண்டு தரம் கூப்பிட்டாகிவிட்டது, இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, அதற்குள் வக்கீல் வந்துவிடுவார் என்று நிற்கிறவனுடைய பார்வை. அடடா! இதுகள் தன் தொண்டைக்கு வரவில்லை. கணக்குக்கு வந்திருக்கின்றன. மூன்றுக்குக் குறைந்து அவர் கூப்பிட்டதே இல்லை. இதற்கு முன் ஒன்றுக்கு மேல் இவள் கூப்பிட்டதே இல்லை. இந்த வீட்டில் யாருக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

தையல் கடை வாசலில் தூசி படிந்த ஒரு கார் நின்றிருந்தது. அதன் பின்கண்ணாடியில் விரலால் எழுதினார்: ‘மூன்று தரம். கோர்ட் மாதிரி.’

“நடுத்தெருவுலயா? நானா?”

அவர் கைகூப்பினார். அவர் கைகூப்பி மனைவி பார்த்ததில்லை.

நூலகத்துக்காரம்மா கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டார். தொண்டையைச் செருமினார். மூணுதரம் கையை உயர்த்தினார்.

“பிரதிவாதி!” முதலாவது உடைந்துபோய் வந்தது. மருந்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

மூணுதரம் உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினார். மூச்சு. இடைவெளி. விரலை அசைத்தார்.

“பிரதிவாதி!” இது படிக்கட்டைத் தாண்டியது. மாடி ஜன்னல் ஒன்று திறந்தது.

மறுபடியும் நிறுத்தினார். அவ்வளவு நேரம் நிறுத்தவும் தெரிய வேண்டும். பிறகு இரண்டு கையையும் விரித்தார்.

“பிர... தி... வா... தீ!”

எத்தனையோ வருஷம் ‘உஷ்’ என்று அடக்கி வைத்ததெல்லாம் ஒன்றாக வெளியே வந்தது போல இருந்தது. மின்கம்பியில் இருந்த புறாக்கள் பறந்தன.

தையல் கடைக்குள் மிஷின் சத்தம் நின்றது. கழுத்தில் டேப்பும் காதில் சாக்பீஸுமாகத் தையல்காரர் வெளியே ஓடிவந்தார். கடையைக் காலி செய்யச் சொல்லிக் கட்டிடச் சொந்தக்காரர் போட்ட வழக்கு அவர் தலைமேல் இருந்தது. “வந்துட்டேன், வந்துட்டேன்! வாய்தா அடுத்த மாசம்னுதானேம்மா வக்கீலு சொன்னாரு? இப்ப கடைக்கே வந்து கூப்பிடுறாங்களா?”

அவருக்குப் பின்னால், வெட்டு மேஜைக்கு அடியிலிருந்து, கத்தரித்துப் போட்ட துணிக் குவியல் ஒன்று எழுந்து நின்றது. உதறிக்கொண்டது. முதுகில் ஒரு சிவப்பு நாடா, காதில் ஒரு சட்டைக் கை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, எல்லாத் தப்பும் தன்னுடையதுதான் என்பது போல நடந்து வந்து, நூலகத்துக்காரம்மாவின் முழங்காலில் முழுப் பாரத்தையும் சாய்த்து நின்றது.

“இது எப்ப உள்ள வந்துச்சு?” என்று மேஜையைப் பிடித்துக்கொண்டார் தையல்காரர். “காலையிலருந்து நான் காலை வச்சு மிதிச்சுக்கிட்டு இருந்தது துணின்னுல்ல நினைச்சேன்!”

பந்தய நாய்க்கு நேராக ஓடத் தெரியாது, வட்டம்தான் தெரியும். தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து, மெத்தென்று இருந்த இடத்தில் படுத்துவிட்டது. ஊரெல்லாம் இவர்கள் தேடிய நேரம் முழுக்க அது தூங்கிக்கொண்டிருந்தது. வாசலில் கூப்பிட்டதும் காதைத் தூக்கிக் காத்திருந்தது.

“அது இருக்கட்டும், சார்” என்றார் தையல்காரர் மூணுதரத்திடம். “நான் ஆஜரானதைக் கொஞ்சம் எழுதிக்க மாட்டீங்களா?”

மூணுதரத்துக்குச் சிரிப்பு பீறிட்டது. சத்தம் வராமல் சிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. காரைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். அவர் மனைவி நாயின் காதிலிருந்து சட்டைக் கையை எடுத்துவிட்டு, “பிரதிவாதி ஆஜர்” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். கூப்பிட்ட சூடு இன்னும் ஆறவில்லை.

மாசம் முடிந்ததும் டாக்டர் விளக்கைப் போட்டுப் பார்த்தார். பேசலாம், கத்தக் கூடாது, இனி எப்போதுமே கத்தக் கூடாது என்றார். வீட்டுக்கு வந்து அவர் பேசிய முதல் வார்த்தை கரகரப்பாக, ஆனால் தெளிவாக வந்தது: “உன் மூணாவது கூப்பாடு இன்னும் கொஞ்சம் நீளணும்.”

“பேச விட்டதே தப்பு” என்றார் மனைவி.

இப்போது அந்த வீட்டில் கூப்பிடும் வேலை நூலகத்துக்காரம்மாவுடையது. சாயங்காலம் மூணுதரம் பின்பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு பக்கம் வாதி, இன்னொரு பக்கம் பிரதிவாதி. சமையலறையிலிருந்து முதல் குரல் வரும்.

“என்னங்க, சாப்பிட வாங்க!”

நாய்கள் காதைத் தூக்கும். அவர் அசைய மாட்டார்.

“என்னங்க!”

வாதி எழுந்து நின்று அவரைப் பார்த்து முனகும். அவர் அதன் கழுத்தைத் தடவி, “இரு, இன்னும் ஒண்ணு இருக்கு” என்பார் மெல்லிய குரலில்.

“என்... னங்க!”

சுருதி, நீளம், இடைவெளி எல்லாம் சுத்தமாக இருக்கும். இரக்கம்தான் கொஞ்சமும் இருக்காது. மூன்று பேரும் எழுந்து ஓடுவார்கள்.